பின்னால் சுற்றிய விசிறி

யோகேஸ்வரனின் வலது கை போன கதையைச் சொல்ல மேமலைத் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. தண்ணீர்ப் பீலியடியில் நின்றால் ஒருத்தி சொல்வாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றால் இன்னொருத்தன் சொல்வான். ஆயுத பூசை அன்றைக்கு மூக்கு முட்டக் குடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த விசிறிக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனான். விசிறி கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் ஒரு 'ச்சு' கொட்டுவார்கள். அந்த 'ச்சு'கூட அவனுக்கில்லை, அவன் பெண்சாதி சுதர்ஷினிக்கு.

அவன் மட்டும் வேறு கதை சொன்னான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சொன்னான், கட்டு மாற்ற வந்த நர்ஸ் மிஸ்ஸிடம் சொன்னான், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

"நான் குடிக்கலீங்க. ஃபேன நிப்பாட்டியிருந்தாங்க. மெதுவாப் பின்னாடி சுத்திக்கிட்டிருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்து சிரித்தார்கள். ஓடுகிற விசிறி பின்னால் சுற்றுவதாக ஒருவனுக்குத் தெரிந்தால், உள்ளே போனது எத்தனை போத்தல் என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். யோகன் கல்யாணத்துக்கு முந்தியே அந்த ஸ்டோரின் மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தவன். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீள நீளமான தொட்டிகளில் பரப்பி வாட வைப்பது அங்கேதான். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி உண்டு. அது மாடியிலிருக்கும் காற்றை இழுத்துக் கொழுந்துக்கு அடியில் தள்ளும். ஓடும்போது அதன் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாது, வட்டமாக ஒரு மங்கல்தான் தெரியும். நிறுத்திவிட்டாலோ, திறந்த சன்னல்கள் வழியே வரும் மலைக்காற்று தொட்டிக்குள் புகுந்து விசிறியை எதிர்ப்பக்கமாக மெல்லத் தள்ளும். அதனால் ஸ்டோர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுவிட்சைப் போய்ப் பார்க்கமாட்டார்கள், விசிறியைத்தான் பார்ப்பார்கள். பின்னால் சோம்பலாகச் சுற்றினால் அது நிறுத்திய விசிறி. புதிதாக வேலைக்கு வந்தவன் பயந்துபோய் சுவிட்சைப் பார்த்திருப்பான். யோகன் பழகினவன்.

பூசை அன்றைக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவது வழக்கம். விசிறிகளுக்கு முன்னாலிருந்த கம்பிக் கூடுகளைக் கழற்றி, வெள்ளிப் பூச்சு அடித்துக் காய வைத்திருந்தார்கள். அன்றைக்கு மழை மூட்டம், பகலிலேயே மாடி இருட்டிவிட்டது. பூசைக் கமிட்டி ஹட்டன் டவுனில் புதிதாக வாங்கி வந்திருந்த எல்.ஈ.டி. ஃபோகஸ் லைட்டுகளை விசிறி வரிசைக்கு மேலே கட்டி எரியவிட்டார்கள். கடைசித் தொட்டியில் மட்டும் முதல்நாள் கொழுந்து மிச்சம் கிடந்தது. காற்றில்லாமல் விட்டால் அது அவிந்து போகும் என்று ஸ்டோரின் பெரிய உத்தியோகத்தரான டீமேக்கர் சொன்னதால், அந்த ஒரு விசிறியை மட்டும் மாடி விசிறிகளைக் கவனிக்கிற வீரய்யா நிறுத்தவில்லை. எல்லாரிடமும் சொன்னேன் என்று வீரய்யா பிறகு சத்தியம் செய்தார். எல்லாரிடமும் சொல்லித்தான் இருப்பார், கீழே சந்தனம் கரைத்துக்கொண்டிருந்த யோகனைத் தவிர.

தப்பு மேளம் முழங்கியது, ஒலிபெருக்கி அம்மன் பாட்டை அலறியது. யோகன் இடது கையில் தட்டை ஏந்தி, வலது கையால் ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் பிடித்து நிறுத்திப் பொட்டு வைத்துக்கொண்டே வரிசையில் போனான். கடைசி விசிறியிடமும் அப்படியே கையை நீட்டினான்.

சுதர்ஷினி பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வாள், அவளுக்கென்று குழந்தை இல்லை. அன்றைக்கு ஸ்டோரின் கீழே மற்றப் பெண்களோடு கடலை தாளித்துக்கொண்டிருந்தாள். தப்பு திடீரென்று நின்றது. அடுத்து யோகனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்து லொறியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள்தான். வழி நெடுக அவன் வாய் அவள் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. இரத்த வாடையும் சந்தன வாசமும் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அப்போது யாரும் கேட்கவுமில்லை.

ஒளிப்பானேன், யோகன் ஒரு காலத்தில் குடித்தவன்தான். நன்றாகவே குடித்தவன். சாயங்காலம் வந்து லயத்து வரிசை வீட்டுக் காம்பராவின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் குடிக்கல புள்ள" என்பான். வாய் சொல்லும், கால் சொல்லாது. அப்படிக் கழிந்த நான்கு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனாள். பிறகு ஒரு திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் வைத்து இனித் தொடுவதில்லை என்று சொன்னான், சொன்னபடியே விட்டுவிட்டான். அவள்தான் முழுசாக நம்பவில்லை. அவன் வேலை முடிந்து வந்ததும் தொப்பியை வாங்குகிற சாக்கில் கிட்டப் போய் மோந்து பார்ப்பாள். அது அவனுக்கும் தெரியும். கோபப்படமாட்டான். முகத்துக்கு நேரே ஊதி, "இந்தா, நல்லா மோந்துக்க. போலீஸ் நாய்கூட இப்புடி மோக்காது" என்று சிரிப்பான். அவளும் சிரித்துவிட்டு அடுத்த நாள் மறுபடி மோப்பாள்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் விசாரணை வந்தது.

தோட்டத்து ஆபீசில் தோட்டத்தை நடத்தும் துரை, டீமேக்கர், தொழிற்சங்கத் தலைவர், இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யோகன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான், சுதர்ஷினி அவனுக்குப் பின்னால் நின்றாள். நடந்ததைக் கேட்டார்கள். அவன் சொன்னான். பின்னால் சுற்றியது என்ற இடம் வந்ததும் ஒருவர் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி சிரித்தார்.

"கம்பிக் கூடு இல்லாத ஃபேன் முன்னால போறவன் ஓடுதா நிக்குதான்னு பாக்க மாட்டானா?" என்றார் டீமேக்கர். "சத்தமும் கேக்கல, கண்ணும் தெரியல. அன்னைக்கு எவ்வளவு போட்ட?"

யோகனுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது போலிருந்தது. முகம் மலர்ந்து மனைவியைக் கை காட்டினான்.

"இவகிட்டக் கேளுங்க ஐயா. லொறியில என்னோட வந்தது இவதான். இவ மூக்குக்குத் தப்பி நான் ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. இவ சொல்லட்டும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சமும் பயமில்லை.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. வேறொன்றும் இல்லை, சுத்தமான கோபம். எத்தனை வருடம் நிலையைப் பிடித்துக்கொண்டு இதே முகத்தோடு பொய் சொல்லியிருப்பான். கை போய், வாழ்க்கை போய், இன்னும் பின்னாடி சுத்துச்சு, முன்னாடி சுத்துச்சு என்று நான்கு பேர் சிரிக்கக் கதை விடுகிறான். குடித்துத்தான் இருப்பான். இரத்தமும் சந்தனமும் மறைத்ததால்தான் தனக்கு வாடை தெரியவில்லை. அவள் அதை அப்படியே நம்பினாள். உண்மைக்கு ஒரு முட்டுக் கொடுப்பதாக நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"வந்துச்சுங்க" என்றாள். "சாராய வாசம் வந்துச்சு."

யோகன் வாயைத் திறந்தான், மூடினான். குடித்துவிட்டுத் தன் குற்றத்தால் அடிபட்டவன் என்று முடிவாயிற்று, ஸ்டோரில் இனி அவனுக்கு இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். வரும் வழியில் அவன் அவளுக்கு முன்னால் நடந்தான். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு சொன்னான்.

"வாசம் வந்துச்சுன்னா நான் குடிச்சுத்தான் இருக்கணும். எனக்குத்தான் ஞாபகமில்ல."

சண்டை போடுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவன் தன்னையே சந்தேகப்படுவான் என்று நினைக்கவில்லை. அன்று முதல் அவன் அதையே தோண்டிக்கொண்டிருந்தான். சந்தனம் கரைக்கும்போது யாராவது எதிலாவது கலந்து கொடுத்தார்களா, வெறும் தண்ணீர் என்று குடித்தது தண்ணீர்தானா, குடித்ததையே மறக்கிற அளவுக்கு மூளை கெட்டுவிட்டதா. சொந்தக் கண்ணை விட அவள் மூக்கை அவன் நம்பினான். கார்த்திகை பிறந்ததும் உண்மையாகவே குடிக்கத் தொடங்கினான். பேர் வாங்கியாகிவிட்டது, இனிக் குடித்தால் என்ன என்றான்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் கட்டு மாற்ற ஹட்டனுக்குப் போய், பஸ் நிலையத்துக்கு முன்னால் ரோட்டைக் கடக்க நின்றபோது அவன் அவள் சேலைத் தலைப்பை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"அந்தா நிக்குதே பஸ்ஸு, அது நிக்குதா வருதா?"

"நிக்குதுங்க. டிரைவரே இல்ல அதுல."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்கு நிக்கிற மாதிரித்தான் தெரியுது. ஆனா எனக்குத் தெரியிறத நம்ப முடியாதே."

கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, வெறும் பஸ்ஸுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டு நின்றான். இவனைப் பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

அப்படிப்பட்ட டாக்டர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்க அவளுக்கு ஹட்டனில் தெரிந்தவள் இசபெல் ஒருத்திதான். இரண்டு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் ஒட்டி உட்கார்ந்து படித்தவர்கள். சுதர்ஷினி சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினாள். இசபெல் படித்து மேலே போய், இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் மாதா கோயிலிலிருந்து வரும்வரை அவள் வீட்டில் காத்திருந்து, சுதர்ஷினி எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டியது எல்லாம் என்று சொல்ல முடியாது. சாட்சி சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

இசபெல் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இரு இரு. பின்னாடி சுத்துச்சுன்னா சொன்னாரு? மெதுவா?"

"அதத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. இப்ப அதையும் சொல்றதில்ல."

"மேல என்ன லைட்டு போட்டிருந்தாங்க?"

இதென்ன கேள்வி என்று சுதர்ஷினிக்கு இருந்தது. பூசை அன்றைக்கு யாரோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிய வீடியோ அவள் ஃபோனிலும் கிடந்தது. ஒரு தடவையும் திறந்து பார்க்க மனம் வராதது. இசபெல் அதைத் திறந்தாள். மாலைகள், தப்பு அடிக்கிறவர்கள், சிரிக்கிற முகங்கள். விசிறிப் பக்கம் திரும்பியதும் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் வரிசையாக ஓடின.

"பாத்தியா இந்தக் கறுப்ப? லைட்டு நின்னு எரியல. அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ஒரு வினாடிக்குள்ள நூறு தடவை. மட்டமான லைட்டு அப்படித்தான் செய்யும், நம்ம கண்ணுக்குத்தான் அது தெரியாது."

"அதனால என்னா?"

"வெளிச்சம் பீலித் தண்ணி மாதிரி ஒரே ஒழுக்கா வர்றதில்ல சுதா. பொடிப்பொடியா வருது. ஃபோட்டான்னு சொல்லுவோம். எரியிறப்ப ஒரு கூட்டம் கிளம்பிரும். கிளம்புனது கிளம்புனதுதான், அதுக்கப்புறம் லைட்ட அணைச்சாலும் அது பாட்டுக்குப் போய்ச் சேரும். அணைஞ்ச நேரத்துல புதுசா ஒண்ணும் கிளம்பாது. மறுபடி எரியிறப்ப அடுத்த கூட்டம். அந்த இடைவெளியில ஃபேன் சும்மா இருக்குமா? சுத்திரும். ஒரு இறக்கை இருந்த எடத்துக்குக் கிட்ட அடுத்த இறக்கை வந்துரும். ஆனா முழுசா வந்து சேந்திருக்காது, ஒரு மயிரிழை பின்தங்கி நிக்கும். அந்த நேரத்துல வெளிச்சம் வந்து காட்டுது. எல்லா இறக்கையும் ஒண்ணு போலத்தானே இருக்கு? அதே இறக்கைதான் கொஞ்சம் பின்னாடி போயிருக்குன்னு கண்ணு சேத்துக்கும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பின்னாடி."

இசபெல்லுக்கு உற்சாகம் தாங்கவில்லை, சுதர்ஷினியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அவருக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. வந்த வெளிச்சத்தத்தான் பாத்தாரு. அங்க யாரு நின்னிருந்தாலும் அதத்தான் பாத்திருப்பாங்க. அவரு சொன்னது அத்தனையும் நெசம்!"

நெசம். அந்தச் சொல் சுதர்ஷினியின் தலையில் கல்லைப் போட்டது போல் இறங்கியது. புருசன் பைத்தியமில்லை என்று கேட்டால் பெண்சாதி எழுந்து குதிக்க வேண்டும். அவளோ சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா அங்க பாத்துக்கிட்டு இருக்க? இத நான் தொரைகிட்டயே வந்து செஞ்சு காட்டுறேன். ஆனா ஒரு விசயம், அவரு குடிச்சிருந்தாருன்னு யாரோ சாட்சி சொன்னாங்கன்னு உங்க தோட்டத்துப் புள்ளைங்க பேசிக்கிட்டாங்க. அது யாரு? அது நிக்கிற வரைக்கும் நாம என்ன காட்டுனாலும், குடிவெறிக்காரன் கண்ணுன்னு சொல்லித் தள்ளிருவாங்க."

"நான்தான்" என்றாள் சுதர்ஷினி.

இசபெல்லின் கை மெல்ல விலகியது.

"வாசம் வந்துச்சா?"

"இல்ல."

வெளியே ரயில் ஒன்று ஊதிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தது. அது ஓய்ந்ததும் இசபெல் எழுந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள். பிறகு, ஆபீசுக்குப் போய்ச் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போகலாம், தானும் வருவதாகச் சொன்னாள்.

"ஆபீசு கெடக்கட்டும். அவருகிட்ட எப்புடிச் சொல்றது?"

முதலில் வெளிச்சத்தை மட்டும் அவருக்குக் காட்டு, மற்றதை நானே பார்த்துச் சொல்கிறேன் என்று சுதர்ஷினி கெஞ்சினாள். அந்த வாரம் முழுவதும் அவள் சொல்ல வாயெடுத்தாள். சோறு போடும்போது எடுத்தாள், அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசினாள்.

அடுத்த ஞாயிறு பகல் இசபெல் ஒரு பையோடு லயத்துக்கு வந்தாள். டீச்சர் வருகிறார் என்று யோகன் அன்றைக்குக் குடிக்காமல், தலை வாரி உட்கார்ந்திருந்தான். இசபெல் மேசை விசிறியையும் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து விளக்கையும் பெட்டி மேல் வைத்தாள். அந்த விளக்கில் ஒரு திருகு இருந்தது, திருப்பினால் மின்னுகிற வேகம் மாறும். கதவைச் சாத்தியதும் காம்பரா இருண்டது. லயத்துக் காம்பராவில் பகல் என்பதே பேருக்குத்தான்.

விசிறி முழு வேகத்தில் ஓடியது. விளக்கு முதலில் படபடவென்று மின்னியது. இசபெல் திருகைத் திருப்பத் திருப்ப மின்னல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வெளிச்சம் போலாயிற்று. விசிறியின் இறக்கைகள் மூன்றும் துலக்கமாகத் தெரிந்தன. அவை ஓய்ந்து, நின்று, பிறகு சோம்பலாகப் பின்பக்கம் நகரத் தொடங்கின.

யோகன் எழுந்துவிட்டான்.

"இதுதான்" என்றான். "டீச்சர், இதுதான். இப்புடித்தான் இருந்துச்சு."

"கையைக் கொண்டு போயிராதீங்க. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவன் மூலையிலிருந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, கம்பி இடுக்கு வழியே உள்ளே விட்டான். அசையாதது போலிருந்த இறக்கைகள் அதைச் சடசடவென்று நறுக்கித் தள்ளின. இன்னொன்றை உருவி விட்டான். அதுவும் போயிற்று. இசபெல் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்க மொட்டைக் கையைத் தூக்கி, பிறகு இடது கையால் துடைத்தான். சுதர்ஷினி கதவோரம் நின்றிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவனை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததில்லை. இந்த ஒரு நிமிடம் இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று மாரியாத்தாளைக் கும்பிட்டாள்.

யோகன் திடீரென்று யோசனையில் ஆழ்ந்தான். அவளைப் பார்த்தான், பிறகு இசபெல்லைப் பார்த்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கண்ணு இப்புடி ஏமாறுற மாதிரி மூக்கும் ஏமாறுங்களா?"

இசபெல் விளக்கின் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லீங்க, என் கண்ணுக்கு அன்னைக்கு இப்புடி ஆனமாதிரி இவ மூக்குக்கும் ஏதாவது ஆயிருக்கும். நான் குடிக்கலதானே, இப்பதான் தெரிஞ்சு போச்சே. ஆனா இவளுக்குச் சாராய வாசம் வந்திருக்கு. அதுக்கும் உங்க படிப்புல ஏதாவது இருக்கும். இருந்தாச் சொல்லுங்க. பாவம், இவ தப்பு இல்லைன்னு இவளுக்கும் தெரியட்டும்."

இசபெல் சுதர்ஷினியைப் பார்த்தாள். இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட இசபெல்லால் முடியும். அதைத்தான் சொல்லேன் என்று சுதர்ஷினியின் மனம் கெஞ்சியது. மறுகணமே அந்த மனத்தை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வாசம் வரல" என்றாள். "சந்தன வாசம்தான் வந்துச்சு. வேற ஒண்ணும் வரல. நீங்க குடிச்சிருப்பீங்கன்னு நானா நெனைச்சு, கோவத்துல சொல்லிட்டேன்."

பெட்டி மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யோகன் அவள் சொன்னதைக் காதில் வாங்காதவன் போல நின்றான். பிறகு மெல்லப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். இசபெல் விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளிச்சம் வந்தது. அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. சுதர்ஷினி அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே நான் ஆபீசுக்குப் போறேங்க. தொரைகிட்ட, டீமேக்கருகிட்ட, எல்லாருகிட்டயும் சொல்றேன். அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு சொல்றேன். உங்க வாயில ஒரு வாசமும் இல்லைன்னு சத்தியம் பண்றேன்."

"வேணாம்."

"ஏங்க?"

"அன்னைக்கு ஒண்ணு சொன்ன. இன்னைக்கு ஒண்ணு சொல்ற. புருசன் வேலைக்காக இப்ப மாத்திச் சொல்றாம்பாங்க. அன்னைக்குப் பொய் சொன்னவ இன்னைக்கு மட்டும் நெசமாச் சொல்றாளான்னு கேப்பாங்க."

"கேட்டுட்டுப் போகட்டும். அவங்க என்னா வேணும்னாலும் கேக்கட்டும்."

அவன் அவள் கையை முழங்காலிலிருந்து எடுத்துவிட்டான். தள்ளவில்லை, எடுத்துத் தரையில் வைத்தான்.

"அவங்க மட்டுமில்ல சுதா" என்றான். "நானும் அதத்தான் கேப்பேன்."